நேட்டிவ் என்றொரு சாதி

"மாமா, டிகிரி இல்லாம வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லித்தர சட்டப்படி வழி இருக்கா?"

அக்கா மகன் கேட்டான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோனவன். ஆறு வருஷமாகச் சென்னையில் ஒரு கால் சென்டரில் ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களோடு பேசிப் பிழைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் சேரியில் அம்பேத்கர் மன்றத்துத் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லித் தருகிறான். பட்டம் வாங்கிய நான் போய் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் அவனிடம் தப்பும் தவறுமாகப் பேசிப் பழகுகிறார்கள்.

கம்போடியாவில் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தான். போனில் இருபது நிமிஷம் பேசினார்கள். உங்க இங்கிலீஷ் பிரமாதம் என்றார்கள். பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் கேட்டார்கள். அனுப்பினான். மறுநாள் ஒரே வரியில் பதில்: நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும். பட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. காதுக்குப் பிடித்தவனைக் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

நேட்டிவ் என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. வெள்ளைக்காரன் ஆண்டபோது நேட்டிவ் என்றால் நாம். அது வசவு. கிளப்புக்குள் வரக்கூடாதவன், ரயில் பெட்டியில் கூட உட்காரக்கூடாதவன். அதே சொல் இன்று அவனைக் குறிக்கிறது. உடனே அது தகுதியாகிவிட்டது! சொல்லுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது? அதிகாரம் எவன் கையிலோ அவனிடமிருந்து.

இனி சட்டத்துக்கு வருவோம். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்குப் பட்டம் வேண்டும். கூடவே அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட் வேண்டும். இந்த ஏழு பேர் பந்தியிலும் தென்னாப்பிரிக்கனுக்குத் தனி இலை: நான் ஆங்கில வழியில்தான் படித்தேன் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். பந்தி என்றால் நமக்குப் புரியாதா என்ன?

அதே கொரியா 2008இல் கிராமப்புறப் பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தியது. பட்டப்படிப்பை முடிக்காத மாணவர்களும் சட்டப்படி போய்க் கற்பித்தார்கள். இரண்டு வருஷம் கல்லூரி போதும். என் அக்கா மகன் படித்த அதே இரண்டு வருஷம். ஆனால் பாஸ்போர்ட் அந்த ஏழில் ஒன்று. இந்தியனுக்கு? 2010இல் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாட்டில் ஒரு பக்கவாசல் வைத்தார்கள். ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் இருந்தால் துணை ஆசிரியர் ஆகலாம். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாலும் துணைதான்.

ஜப்பானில் வேலை விசாவுக்குப் பொதுவாகப் பட்டம் கேட்பார்கள். ஆனால் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ பிறந்த இருபது வயதுப் பையன் விடுமுறை வேலை விசாவில் போய்ப் பட்டமில்லாமலே சட்டப்படி ஆங்கிலம் கற்பிக்கலாம். அந்த விசா இந்தியனுக்குக் கிடையாது. பிரிட்டன் 2023இல் இந்திய இளைஞர்களுக்கு ஒரு திட்டம் திறந்தது. ஆண்டுக்கு 3,000 பேர், குலுக்கல் முறை. பட்டம் கேட்கிறார்கள், வங்கியில் 2,530 பவுண்ட் இருப்பும் கேட்கிறார்கள். நான் வங்கி எழுத்தன். இரண்டரை லட்சத்துக்கு மேல் கையிருப்புள்ள சேமிப்புக் கணக்கு எங்க தெருவில் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

ஆக, பட்டமில்லாமல் போக வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. பொறந்த வயிறு சரியா இருக்கணும்.

ஸ்ரீநகரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் ஆங்கில உலகத்தை மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார். உள்வட்டத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும், நாம் வெளிவட்டம். ஊரும் சேரியும் போல. அசல் மொழிக்காரனே சிறந்த ஆசிரியன் என்ற நம்பிக்கை 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த மாநாட்டின் கோட்பாடுகளில் ஒன்று என எடுத்துக்காட்டி, அது பொய் என்று 1992இல் எழுதினார் ராபர்ட் பிலிப்சன். யாழ்ப்பாணத்துத் தமிழர் சுரேஷ் கனகராஜா 1999இல் அந்த மண்ணின் வகுப்பறைகளிலிருந்தே இந்த மேலாதிக்கத்துக்குப் பதில் எழுதினார். ஆராய்ச்சி பேசி முடித்துவிட்டது. விசா அலுவலகம் மட்டும் காது கேளாமல் உட்கார்ந்திருக்கிறது.

"அது அவன் தாய்மொழிப்பா, அவன்தானே நல்லா சொல்லித் தருவான்?" என்கிறார் எங்கள் கிளையில் ஒரு சக ஊழியர். தமிழ் பேசுகிற நீங்கள் எல்லாரும் தமிழ் இலக்கணம் நடத்திவிடுவீர்களா? விழுந்து எழுந்து ஒரு மொழியைக் கற்றவனுக்குத்தான் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று தெரியும். இதே நண்பர்தான் இடஒதுக்கீடு என்றதும் தகுதி, திறமை என்று குதிப்பார். இங்கே திறமை தோற்று பிறப்பு ஜெயிக்கிறதே, இப்போ எங்கே போச்சு உங்க குரல்? கான்வென்ட்டில் படித்த உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே வெளித்திண்ணைதான். உங்களுக்கு அது புதுசு. எங்களுக்குப் பழசு.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டமே வேண்டாம், எவன் வேண்டுமானாலும் பாடம் நடத்தட்டும் என்று நான் கேட்கவில்லை. பயிற்சியே இல்லாத வெள்ளைப் பயணியிடம் மாட்டிக்கொள்வதும் ஏதோ ஒரு கம்போடிய ஏழையின் பிள்ளைதான். பயிற்சி வை, தேர்வு வை. எல்லாருக்கும் ஒரே தேர்வு வை. கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழுக்குப் பட்டம் கட்டாயமில்லை. கட்டணம்தான் லட்சத்தைத் தாண்டுகிறது. ஆதிதிராவிடர் நலத்துறையின் திறன் பயிற்சிகளில் அதைச் சேர் என்று நாம் போராடிக் கேட்க வேண்டும்.

அக்கா மகனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பட்டமில்லாத இந்தியனுக்கு இருக்கும் ஒற்றையடிப் பாதை கம்போடியா போன்ற நாடுகளின் தனியார் மொழிப் பள்ளிகள். அங்கேயும் ஈ வகை விசாவும் தொழில் அமைச்சகத்தின் வேலை அனுமதியும் வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம் என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. 2022இல் மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து இணைய மோசடி வேலை வாங்கப்பட்டவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். பதிவு பெற்ற ஏஜண்டு 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்கிறவனுக்காகத் தாலியை அடகு வைக்க வரும் அம்மாக்களுக்கு என் கவுண்டரில் நானே சீட்டு எழுதியிருக்கிறேன். அந்தக் கை இது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிடு என்றும் சொன்னேன். முடிக்கிறேன் என்றான். "முடிச்சா நேட்டிவ் ஆயிடுவனா மாமா?"

பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல. திண்ணையில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எழுந்து போனான்.