கருவுக்கு மதிப்பெண் இடலாமா?

செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களுள் அறிவுக்கூர்மை மிக்கது எதுவெனக் கணித்துத் தருவதாக அமெரிக்காவில் சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. இது அறிவியலின் பெயரால் நடக்கும் மிகைக்கூற்று என்றே கருதுகிறேன்.

இத்தகைய கணிப்புகள், ஒருவர் எத்தனை ஆண்டுகள் கல்வி பயின்றார் என்ற தரவையும் பெரிதும் சார்ந்தவை. கல்வி என்பதோ அறிவுத்திறன் மட்டுமன்று. 2021-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, கல்வி நிலையில் மரபணு வகிக்கும் பங்கில் 57 விழுக்காடு அறிவுத்திறனைச் சாராதது என்றது. விடாமுயற்சி, புதுமை நாட்டம் போன்ற ஆளுமைக் கூறுகளோடு அது தொடர்புடையது. அத்துடன் நிற்கவில்லை, மனச்சிதைவு, இருமுனை மனநோய் ஆகியவற்றின் அபாயத்தோடும் அப்பகுதி பிணைந்திருந்தது. அறிவை வேண்டும் பெற்றோர், கேளாத ஒன்றையும் சேர்த்தே பெறக்கூடும். விளம்பரங்கள் இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்கின்றன?

கணிப்பின் வலிமையும் குறைவே. 30 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டிய 2022-ஆம் ஆண்டு ஆய்வுகூட, கல்வி நிலையில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டையே விளக்கியது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்! உடன்பிறந்தோரை ஒப்பிடும்போது இந்த அளவு மேலும் வெகுவாகச் சரிகிறது. ஒரே பெற்றோரின் கருக்களுள் ஒன்றைத் தேர்வதும் அத்தகைய ஒப்பீடுதான்.