நேரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்!



கணினி விளையாட்டு என்றாலே நம்மவர்களிடம் இரண்டே கருத்துகள்தாம் உலவுகின்றன. முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்பது ஒன்று. 'அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போகட்டும்' என்பது மற்றொன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியாக இருந்தாலும் கிள்ளான் தரைவீடாக இருந்தாலும் பேச்சு இந்த இரண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. எத்தனை மணி நேரம் என்று கேட்கின்ற நாம், எந்த வேகத்தில் என்று கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் வாதம்.

எந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்தி விடுகிறேன். கைப்பேசியில் நம் பிள்ளைகள் ஆடும் 'மொபைல் லெஜண்ட்ஸ்' போன்றவை விரல் வேகத்தால் வெல்லப்படுபவை. நான் பேசுவது அவற்றைப் பற்றியன்று. முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளைப் பற்றி. சதுரங்கத்தைப் போல, பல்லாங்குழியைப் போல, நாம் ஆடி முடிக்கும் வரை எதிராளி காத்திருக்க வேண்டும். சிட் மையர் உருவாக்கி 1991இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' இவற்றுள் தலையாயது. ஒரு சிற்றூரில் தொடங்கி, உழவு, எழுத்து, கப்பல், அச்சு, மின்சாரம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளைக் கடந்து ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுப்பதே ஆட்டம். 2025 பிப்ரவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் சோழர்களையும் தேர்ந்தெடுத்து ஆடலாம். முதலாம் இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்துச் சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அந்தக் கடாரம் இருந்த மலேசிய மண்ணில் ஒரு தமிழ்ப்பிள்ளை சோழர் கப்பலைக் கணினித் திரையில் செலுத்துகிறான். இதை வீண்பொழுது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து வேகங்கள்

ஆட்டம் தொடங்குமுன் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து வேகங்கள் உள்ளன. 'ஆன்லைன்' என்பதில் 250 சுற்றுகள். 'குயிக்' என்பதில் 330. 'ஸ்டாண்டர்ட்' என்பதில் 500. 'எபிக்' என்பதில் 750. 'மராத்தான்' என்பதில் 1500. இயல்பான 'ஸ்டாண்டர்ட்' வேகத்தில் ஒரு பொருளை ஆக்கவோ ஒரு கலையைக் கற்கவோ ஆகும் செலவை 1 என்று வைத்தால், 'ஆன்லைன்' வேகத்தில் அது பாதி. 'எபிக்'கில் ஒன்றரை மடங்கு. 'மராத்தானில்' மூன்று மடங்கு.

'அப்படியானால் எல்லாம் ஒரே அளவில் சுருங்குகிறது, ஒரே அளவில் விரிகிறது. இதில் என்ன வேறுபாடு?' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நுட்பம் இருக்கிறது. எல்லாம் சுருங்குகிறது, நடை மட்டும் சுருங்குவதில்லை! ஒரு போர்வீரன் எந்த வேகத்திலும் ஒரு சுற்றுக்கு இரண்டு கட்டங்கள்தாம் நடப்பான். எதிரியின் நகரம் 12 கட்டங்கள் தொலைவில் இருந்தால், சமவெளியில்கூட அவன் போய்ச்சேர 6 சுற்றுகள் ஆகும். ஒரு புதிய கலையைக் கற்க இயல்பு வேகத்தில் 9 சுற்றுகள் ஆகும் என்று கொள்வோம். 'ஆன்லைன்' வேகத்தில் அதையே 5 சுற்றுகளில் கற்றுவிடலாம். வில்லோடு புறப்பட்ட படை எதிரியின் மதிலை அடைவதற்குள் காலம் அதைக் கடந்து போய்விடுகிறது. 'மராத்தானில்' அதே கலைக்கு 27 சுற்றுகள். படை போகலாம், முற்றுகையிடலாம், தோற்றுத் திரும்பவும் செய்யலாம். அதன் பிறகும் எண்ணிப் பார்க்கச் சுற்றுகள் மிஞ்சும்.

விரைவு வேகம் எதைக் கற்பிக்கிறது?

விரைவு வேகத்தில் பழகும் பிள்ளை சில நாளிலேயே ஒன்றைக் கண்டுகொள்கிறது: தொலைவில் உள்ள எதையும் திட்டமிட்டுப் பயனில்லை. வழியைத் தேடுவதும், அண்டை நாட்டோடு உறவு கொள்வதும், எல்லையில் காவல் வைப்பதும் வீண்வேலை என்று அதற்குத் தோன்றிவிடுகிறது. அடுத்த சுற்றுக்கான பொத்தானை அழுத்து, அடுத்த பரிசைப் பெறு. இவ்வளவுதான் மிச்சம். ஐந்தாம் பதிப்பில் தொடக்கச் சுற்று ஒவ்வொன்றும் 'குயிக்' வேகத்தில் 60 ஆண்டுகளை விழுங்கிவிடும். 'மராத்தானில்' அதுவே 15 ஆண்டுகள். இராசேந்திர சோழனின் ஆட்சிக்காலம் 1014 முதல் 1044 வரை, முப்பது ஆண்டுகள். அறுபது ஆண்டுகளை ஒரே அழுத்தலில் தாண்டும் பிள்ளைக்கு ஒரு மன்னனின் வாழ்நாள் எவ்வளவு நீளமானது என்பது எப்படிப் புரியும்?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. மெதுவான வேகத்தில் தவறான முடிவுக்கு விலை அதிகம். நூலகம் கட்ட வேண்டிய நேரத்தில் கோட்டை கட்டினால், அந்தப் பிழையோடு பல சுற்றுகள் வாழ்ந்தாக வேண்டும். வாழும்போதுதான் 'ஏன் இப்படிச் செய்தேன்?' என்ற கேள்வி எழும். விரைவு வேகத்தில் அந்தக் கேள்வி எழுவதற்குள் ஆட்டமே முடிந்துவிடுகிறது. புதிய ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

பொறுமை நமக்குப் புதிய பாடமா என்ன? ரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருந்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்?

பெற்றோரின் நல்லெண்ணமும் அதன் விளைவும்

'அரை மணி நேரம்தான்' என்று பெற்றோர் விதிக்கும் எல்லையை நான் குறைகூறவில்லை. எல்லை வேண்டும். ஆனால், 'அரை மணிக்குள் ஆட்டத்தை முடித்துவிடு' என்று சொல்லும்போதுதான் பிழை நேர்கிறது. பிள்ளை உடனே மிக விரைவான வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அதிலும் முடியாமல் பாதியில் கைவிடுகிறது. மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆக, அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் நாகரிகத்தின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கிறது. தன் முடிவுகளின் பின்விளைவை ஒருநாளும் பார்ப்பதில்லை.

முறை வைத்து ஆடும் விளையாட்டின் பெரும்பேறே அது காத்திருக்கும் என்பதுதான். சேமித்து வைத்தால் நாளைக்கும் அதே இடத்தில் நிற்கும். நாளொன்றுக்கு 25 சுற்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எபிக்' ஆட்டம் 30 நாளில் முடியும். ஒரு நீண்ட பள்ளி விடுமுறைக்கு ஒரே ஆட்டம்! கணினிமுன் உட்காரும் நேரம் கூடவில்லை. ஒரே சிக்கலோடு மனம் வாழும் நாள்கள் கூடியிருக்கின்றன. உட்காரும் நேரம் வேறு, ஆட்டத்தின் வேகம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் நம் பிழை.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்

'ஒரு மணி நேரத்துக்குள் வெற்றியாளர் யாரென்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது என்ன போட்டி?' என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். புறப்பாட நேரம் குறுகியது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கேள்வியின் வேர் புறப்பாடத்தில் இல்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்தத் தேர்வு நம் நெஞ்சில் மாட்டிவைத்த கடிகாரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் கை தூக்கிய மாணவனே கெட்டிக்காரன். எண்ணிப் பார்த்துத் தாமதமாகச் சொன்னவன் மந்தமானவன். வகுப்பறையில் நாம் வழங்கும் இந்தத் தீர்ப்பைத்தான் விளையாட்டிலும் வழங்குகிறோம்.

மறுப்புகளுக்கு விடை

'விரைவு மூளையைக் கூர்மையாக்கும். சதுரங்கத்தில் மின்னல் ஆட்டம் இல்லையா?' என்பார்கள். இருக்கிறது. விசுவநாதன் ஆனந்த் 2003இலும் 2017இலும் உலக விரைவுச் சதுரங்கப் பட்டம் வென்றவர். ஆனால், அவர் நிதான ஆட்டத்தில் ஐந்து முறை உலக வெற்றியாளர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றபோது, முதல் 40 நகர்வுகளுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் தரப்பட்டது. 14 ஆட்டங்கள் நடந்தன. நிதானத்தில் ஊறிய மனத்துக்கே விரைவு கைகொடுக்கும்.

'மெதுவான வேகத்தில் படையெடுப்பு எளிதாகிவிடுமே. பிள்ளைகள் போரையே நாடுவார்களே' என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமான மறுப்பு. படை பழையதாகுமுன் பல நகரங்களைப் பிடிக்க முடிவதால், 'மராத்தான்' போர்விரும்பிகளுக்குச் சாதகமானதே. அதனால்தான் பள்ளிப்பிள்ளைகளுக்கு நான் 'எபிக்'கைப் பரிந்துரைக்கிறேன். மேலும், பிள்ளை நகரங்களைப் பிடித்துக் குவிக்கும்போது, 'கடாரத்தை வென்ற சோழன் ஏன் இங்கே நிலையான ஆட்சியை அமைக்கவில்லை?' என்று கேளுங்கள். அந்த உரையாடலுக்கு ஈடான வரலாற்றுப் பாடம் எளிதில் கிடைக்காது.

'சலிப்பாக இருக்கிறதாம்' என்பது மூன்றாவது. ஒன்றும் நிகழாத சுற்றுகள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மருந்து வேகத்தைக் கூட்டுவதன்று; வரைபடத்தைச் சிறிதாக்குவது. சிறிய வரைபடத்தில் அண்டை நாடுகள் அருகிலேயே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

என்ன செய்யலாம்?

1. வயதைப் பாருங்கள். ஆறாம் பதிப்புக்கு அமெரிக்கத் தரப்பிரிவு 10 வயதும் அதற்கு மேலும். ஐரோப்பியத் தரப்பிரிவு 12 வயது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு முன்பாக வேண்டாம்.

2. விதிகளைப் பழக முதல் ஆட்டம் மட்டும் 'குயிக்' வேகத்தில் இருக்கட்டும். அதன் பிறகு சிறிய வரைபடம், 'எபிக்' வேகம்.

3. கடிகாரத்தால் நிறுத்தாதீர்கள், சுற்றால் நிறுத்துங்கள். 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று இழுத்துக்கொண்டே போவது இந்த விளையாட்டின் பேர்பெற்ற நோய். 25ஆவது சுற்றில் சேமித்து மூட வேண்டும் என்று முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

4. மூடியதும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் மூன்று வரிகள் எழுதச் சொல்லுங்கள்: இன்று என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன், நாளை என்ன செய்வேன். ஒரு மாதத்தில் அதுவே ஒரு கட்டுரைத் தொகுப்பாகிவிடும்.

5. கணினிக் கழகப் பொறுப்பாசிரியர்களே, ஒரு மணி நேரப் போட்டியைக் கைவிடுங்கள். ஒரு குழுவுக்கு ஓர் ஆட்டம், வாரந்தோறும் தொடரட்டும், ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு குழு தமிழில் விவாதிக்கட்டும். யார் வென்றார் என்பதைப் பருவ இறுதியில் அறிந்துகொள்வோம்.

கணினியை வாங்கித் தந்துவிட்டோம். இனி அதைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிப்பது நடவாத காரியம். ஆட்டம் தொடங்கும் திரையில் வேகத்தைக் கேட்கும் அந்த ஒரு வரி நம் கண்ணுக்குப் படாமலேயே போய்க்கொண்டிருக்கிறது. இன்று மாலை பிள்ளையின் அருகில் போய் அமருங்கள். எந்த வேகத்தில் ஆடுகிறாய் என்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியன்