அட்வான்ஸ் யார் வீட்டுக் காசு?

காமர்ஸ் மக்களே, ஹவுஸ் ஓனர் கையில இருக்கிற அட்வான்ஸ் அவருக்கு வருமானமா, கடனா? முதல் வருஷ அக்கவுண்டன்சியே சொல்லும்: கடன்! ஆனா காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறது சென்னையில சம்பிரதாயம்.

2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான். காலி பண்ணின ஒரு மாசத்துல, நாம வச்ச பாக்கி போக மீதியைத் திருப்பித் தரணும். ஆனா 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' மட்டும்தான் அந்த மூணு மாச வரம்பாம்! பத்து மாசம் கேட்கிறவருக்குச் சட்டமே கதவைத் திறந்து வச்சா எப்படி?

அதனால அக்ரிமெண்ட்டைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அட்வான்ஸை பேங்க் வழியாவே குடுங்க. தரமாட்டேன்னா இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமான வரம்பே கிடையாது.

கேட்காத கடன்தான் வாராக்கடன் ஆகும்.