இழுத்தால் போதாது, பிடித்து நிறுத்தவும் வேண்டும்

எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களின் முதுகிலிருந்து கலன் இறங்கப் போகிறது என்று துரை பிரட்டுக் களத்தில் அறிவித்திருக்கிறார். 2,000 லீற்றர் கொள்ளும் மருந்துத் தாங்கி ஒன்றை நிர்வாகம் வாங்கப் போகிறது. அதை ட்ரெக்டரின் பின்னால் பூட்டி மலைப் பாதையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ட்ரெக்டரின் எஞ்சினே பம்பை ஓட்டும். அங்கிருந்து நீளக் குழாய்களை மேலும் கீழும் இழுத்து, நிரைகளுக்குள் நின்று அடிக்க வேண்டும்.

இதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். 16 லீற்றர் கலனை நிரப்பி முதுகில் போட்டால் 20 கிலோவுக்கு மேல் வரும். அந்தப் பாரத்தோடு வழுக்கும் மலையில் நாள் முழுக்க ஏறி இறங்குவது என்ன வேலை என்று நம்மில் பலருக்குத் தெரியும். மூடி கசிந்து முதுகு நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்த அப்பாக்களை நமது பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கலன் இறங்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தத் தாங்கியை இழுக்கப் போவது எந்த ட்ரெக்டர்?

நிர்வாகத்தின் பதில்: கொழுந்து இழுக்கும் பழைய ட்ரெக்டர். "கொழுந்தை இழுக்கிறது, இதை இழுக்காதா?" என்று கேட்கிறார்கள். நமது தோட்டக் கமிட்டியிலும் ஒரு குரல் எழுந்தது. "கம்பனி காசு தானே, 75 குதிரைவலு ட்ரெக்டராகவே கேட்போம்" என்றார்கள் சில தோழர்கள். இரண்டு பேச்சும் பிழை என்பதே எங்கள் கருத்து. இரண்டு பக்கமும் இழுவையை மட்டும்தான் பார்க்கிறது. இறக்கத்தில் அதை யார் பிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் தரப் பிள்ளைகளிடம் இதையே கணக்காகக் கொடுத்தோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 2,000 லீற்றர் என்றால் 2 தொன். தாங்கி, சில்லு, பம்பு, குழாய் எல்லாவற்றுக்கும் 800 கிலோ வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,800 கிலோ. 45 குதிரைவலுப் பழைய ட்ரெக்டரின் எடையோ ஏறக்குறைய 2,000 கிலோ. பின்னால் வருவது முன்னால் போவதைவிடப் பாரம். பிள்ளைகள் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த கணக்கு. 8 மீற்றர் போனால் 1 மீற்றர் இறங்கும் பாதை நம் தோட்டங்களில் அபூர்வமானதல்ல. அந்த இறக்கத்தில் தாங்கி தன் எடையில் எட்டில் ஒரு பங்கால் ட்ரெக்டரைத் தள்ளும். அது 350 கிலோ. 50 கிலோ மா மூட்டை ஏழு முதுகில் ஏறி உந்துவதற்குச் சமம். ட்ரெக்டரின் சொந்த எடை இன்னொரு 250 கிலோவைச் சேர்க்கிறது. ஆக 600 கிலோவை, மழை பெய்த பாதையில், பின் இரண்டு சில்லுகள் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். பழைய ட்ரெக்டரில் முன் சில்லுக்குப் பிரேக் இல்லை. தாங்கியிலும் பிரேக் இல்லையென்றால் முடக்கில் என்ன நடக்கும்? பின்னால் வரும் பாரம் ட்ரெக்டரை மடக்கி, குறுக்கே திருப்பிக் கானுக்குள் தள்ளும். அல்லது கீழே லயத்தின் கூரைக்கு.

கொழுந்துக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு உண்டு. கொழுந்து ஏற்றிய இடத்தில் கிடக்கும். தண்ணீர் கிடக்காது. பாதி அடித்து முடிந்த தாங்கியில் பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாய்ந்து மோதும். முடக்கில் திரும்பினால் வெளிப்பக்கம் சாயும். உள்ளே குறுக்குத் தகடுகள் இல்லாத தாங்கி, நிரம்பியிருக்கும்போதைவிடப் பாதியில் கூடுதலாக ஆடும்.

போன மழைக்காலத்தில் கொழுந்து ட்ரெக்டர் முடக்கில் சறுக்கிக் கானில் சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. ஓர் உயிரும் போகவில்லை என்பது நமது அதிர்ஷ்டம். விசாரணையில் என்ன எழுதினார்கள்? "சாரதியின் கவனயீனம்." தேய்ந்த பிரேக்கைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. அந்தச் சாரதி ஒரு வாரம் வேலையில்லாமல் லயத்தில் இருந்தார். நாளைக்கு 2,800 கிலோவைக் கொளுவிவிட்டு, அது புரண்டால் மறுபடியும் சாரதியின் பெயரைத்தான் எழுதுவார்கள். அதனால்தான் வாங்குவதற்கு முன்னமே பேசுகிறோம்.

இனி, 75 குதிரைவலு கேட்கும் தோழர்களுக்கு. அதே ஏற்றத்தில் ட்ரெக்டரும் தாங்கியும் சேர்ந்து மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்குச் சில்லில் வேண்டியது ஏறக்குறைய 15 குதிரைவலு. பம்பு ஓடுவது ட்ரெக்டர் நிற்கும்போது. ஆகவே இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் சேராது. வழியில் விழும் நட்டத்தையும் சேற்றையும் கணக்கில் எடுத்தாலும் 50 குதிரைவலு தாராளம். பெரிய ட்ரெக்டர் அகலமும் கூட, நீளமும் கூட. நம் தோட்டப் பாதைகளின் முடக்குகளில் அது ஒரே வெட்டில் திரும்பாது. தாங்கியோடு பின்னால் எடுக்க வேண்டி வரும். கல் அணைக்கட்டு விளிம்பில் அதைச் செய்யச் சொல்லி எந்தச் சாரதியையும் அனுப்ப நாங்கள் தயாரில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலாவது, எடை. தன்னைவிடப் பாரமான ஒன்றை, அதற்குத் தனிப் பிரேக் இல்லாமல், எந்த ட்ரெக்டரிலும் பூட்டக் கூடாது. தாங்கியின் சில்லுகளுக்கே பிரேக் வேண்டும். அது சாரதியின் காலுக்குக் கட்டுப்பட வேண்டும். ட்ரெக்டரில் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும். அது முடியாதென்றால் 1,000 லீற்றர் தாங்கி வாங்குங்கள். இரண்டு தரம் நிரப்பிக்கொள்கிறோம்.

இரண்டாவது, நான்கு சில்லும் இழுக்கும் ட்ரெக்டர். அது ஏறுவதற்கு மட்டுமல்ல. முன் அச்சு பூட்டியிருக்கும்போது பின் பிரேக்கின் பிடி முன் சில்லுக்கும் போகும். இறக்கத்தில் உயிர் காப்பது அதுதான். முன்னால் பாரக் கட்டிகளும் வேண்டும். ஏற்றத்தில் பின்பாரம் கீழே இழுக்க முன் சில்லு லேசாகிவிட்டால், சுக்கானைத் திருப்பியும் பயனில்லை. கொளுவும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதும் இதற்காகவே.

மூன்றாவது, சாரதியின் இருக்கைக்கு மேலே, கவிழ்ந்தால் தாங்கும் இரும்பு வளைவும், இருக்கைப் பட்டியும். வளைவு இருந்து பட்டி இல்லாவிட்டால் சாரதி வெளியே வீசப்பட்டு அந்த வளைவுக்கே அடியில் போவார்.

நான்காவது, பம்பைச் சுற்றும் தண்டு. அது நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. உறை இல்லாத தண்டில் சேலைத் தலைப்போ சாக்குப் படங்கோ மாட்டினால், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. குழாய் இழுக்கப் போவதில் பெண்களும் இருப்பார்கள். உறை உடைந்த அன்று வேலை இல்லை என்று எழுத்தில் வர வேண்டும்.

ஐந்தாவதை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். குழாய் இழுக்கும் ஆட்கள் மலைக்கு எதில் போவார்கள்? ட்ரெக்டரின் மட்காட்டிலும் கொளுக்கிக் கம்பியிலும் தாங்கியின் மேலும் தொற்றிக்கொண்டுதான். துரை சொல்லாமலே நாம் ஏறுவோம். நடந்தால் நேரம் போகும், நேரம் போனால் பெயர் பாதியாகும் என்று ஏறுவோம். அதை நிறுத்த வேண்டுமானால் நடக்கும் நேரமும் வேலை நேரமாக எண்ணப்பட வேண்டும். மருந்து இழுக்கும் ட்ரெக்டரைக் கழுவாமல் குடிதண்ணீர் பவுசருக்குப் பூட்டுவதும், மாலையில் அதில் பிள்ளைகளை ஏற்றி வருவதும் கூடாது. அதில் ஏறும் பிள்ளைகள் மறுநாள் காலையில் எங்கள் வகுப்பில் இருக்க வேண்டியவர்கள்.

"இத்தனையும் பார்த்தால் செலவு எங்கே போய் நிற்கும்?" என்று நிர்வாகம் கேட்கும். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். செலவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பிரேக்குக்குக் கொடுக்காத காசை யாரோ ஒருவர் எலும்பால் கொடுக்கிறார். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் விபத்துக்குப் பிறகு பணம் தரும். காலைத் திருப்பித் தராது.

"இது நிர்வாகத்தின் விடயம், தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன?" என்றும் கேட்பார்கள். சர்வதேச தொழில் தாபனத்தின் 184 ஆம் இலக்கச் சமவாயம், 2001 இல் நிறைவேறியது. விவசாயத் தொழிலாளரின் பாதுகாப்பு பற்றியது. புதிய தொழில்நுட்பத்தால் வரும் ஆபத்துகளை அறியவும், அவை பற்றித் தம்மிடம் கருத்துக் கேட்கப்படவும் தொழிலாளருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ட்ரெக்டரைத் தெரிவு செய்யும் மேசையில் சாரதிக்கும் மருந்தடிக்கும் ஆளுக்கும் கதிரை கேட்பது பிச்சையல்ல.

இன்னொன்றும் உண்டு. கலன் தூக்கிய பன்னிரண்டு பேரில் இனி ஆறு பேர் போதும் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. மீதி ஆறு பேரின் பெயர் குறையக் கூடாது. முதுகுப் பாரத்தை இறக்குகிறோம் என்று சொல்லி அடுப்பை அணைக்க விடமாட்டோம்.

தோழர்களே, அடுத்த தோட்டக் கமிட்டிக்கு முன் ஒவ்வொரு பிரிவிலும் மூன்று காரியம் செய்யுங்கள். தாங்கி போகப் போகும் பாதையை நடந்து, செங்குத்தான இறக்கங்களையும் ஒடுங்கிய முடக்குகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சாரதிமாரைக் கூப்பிட்டு அவர்கள் பேச இடம் கொடுங்கள். நாம் பேசுவதைக் குறைப்போம். மேலே சொன்ன ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, மருந்தடிக்கும் ஆட்களின் கையொப்பத்தோடு துரையிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதே கடைசிக் கோரிக்கை. வாங்கும் ட்ரெக்டர், தாங்கியில் தண்ணீர் மட்டும் நிரப்பி, ஆட்கள் யாரும் கீழே இல்லாத நேரத்தில், நமது ஆகச் செங்குத்தான இறக்கத்தில், நமது சாரதியின் கையில் நின்று காட்டட்டும். நின்றால் மாலை போட்டு வரவேற்போம். நிற்காவிட்டால் வந்த வழியே திரும்பட்டும்.