காருக்கு யார் ஆரஞ்சு தருவார்கள்?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. அதைச் சுற்றி வரிசை எண்ணிட்ட 88 கோயில்கள். இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் பாதை. நடந்தால் 40 நாட்களுக்கு மேல் ஆகும். காரில் பத்தே நாள். இன்று பெரும்பாலான யாத்ரீகர்கள் காரிலும் பஸ்ஸிலும்தான் போகிறார்கள். இந்தியர்களுக்கும் சிரமமில்லை. அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமே ஓடுகின்றன. சர்வதேச ஓட்டுநர் உரிமம் செல்லும்.

யாத்திரையின் நாயகர் கூகாய் (774-835). 804-ல் சீனா சென்று பௌத்தம் பயின்று திரும்பிய துறவி. இந்தத் தீவில் பிறந்தவர். யாத்ரீகரின் வெள்ளை உடை, வழியில் இறந்தால் சவத்துணி. கையிலுள்ள தடி, கல்லறைக்கு அடையாளம். நாற்புறமும் சரியும் தொப்பியில் இந்தியாவில் பிறந்த சித்தம் லிபியில் ஓர் எழுத்து. தடியே கூகாய் என்பது நம்பிக்கை. எனவே தனியாக நடப்பவரும் தனியாள் இல்லை. பாலங்களில் தடியை ஊன்றமாட்டார்கள்: ஒரு முறை இடம் கிடைக்காமல் கூகாய் பாலத்தடியில் இரவைக் கழித்தாராம்; அவர் தூக்கம் கலையக் கூடாது. காரில் போகிறவருக்குப் பாலம் வந்ததே தெரியாது.

இழப்பு அது மட்டுமல்ல. நடந்து வருபவருக்கு ஊர்க்காரர்கள் ஆரஞ்சு, தேநீர், சில்லறைக் காசு, சில சமயம் படுக்க இடம்கூடத் தருவார்கள். இதற்கு 'ஒசெத்தாய்' என்று பெயர். மறுப்பது மரியாதையல்ல. வாங்குபவர் தன் பெயர் எழுதிய சீட்டைப் பதிலுக்குத் தருவார். கொடுப்பவருக்கும் யாத்திரைப் புண்ணியத்தில் பங்கு உண்டு. கோயிலில் முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த பார்க்கிங்குக்கு விரையும் காரை நிறுத்தி யார் ஆரஞ்சு தருவார்கள்?

கொடுக்கும் கைகளும் குறைகின்றன. இளைஞர்கள் ஒசாகாவுக்கும் டோக்கியோவுக்கும் போய்விட, கிராமங்களில் முதியவர்களும் பூட்டிய வீடுகளுமே மிச்சம். கோயில்கள் இன்னும் பல நூறாண்டுகள் நிற்கக்கூடும். வாசலில் ஆரஞ்சுடன் காத்திருக்கும் பாட்டிக்கு அத்தனை அவகாசம் இல்லை.

23-வது கோயிலிலிருந்து 24-வது வரை கடலோரமாக சுமார் 75 கிலோமீட்டர். அங்கே கார் வசதிதான். ஆனால் முதல் ஐந்து கோயில்கள் ஒரு நாள் நடைக்குள் அடங்குபவை. காரை நிறுத்திவிட்டு அந்த ஒரு நாளாவது நடப்பவருக்கு, புகைப்படத்தில் அகப்படாத ஜப்பான் எதிர்ப்படலாம். சீட்டில் பெயர் எழுத ஒரு பேனா போதும்.