மைனஸை ஒழிக்க வேண்டாம், எழுதி வைப்போம்

நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்த சில நிமிடங்களில் அது வாட்ஸ்ஆப் குழுக்கள் வழியே பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் நாளிதழில் அச்சாகிறது. வங்கி மேலாளர் கடன் கோப்பில் அதைத்தான் குறித்துக்கொள்கிறார். தீவனம் கொடுப்பவர் இன்னொரு லோடைக் கடனுக்கு இறக்கலாமா என்று முடிவு செய்வதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் தட்டுப்பாடு நிலவும் சில வாரங்களைத் தவிர்த்தால், அந்த விலைக்கே முட்டையை விற்ற பண்ணையாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வண்டி வந்து ட்ரேக்களை ஏற்றும்போது அறிவித்த விலையிலிருந்து 20 காசோ 30 காசோ, தேக்கம் மிகுந்த நாளில் அதற்கு மேலோ கழித்துத்தான் பில் போடப்படுகிறது. மைனஸ் என்று நாம் சொல்லும் இந்தக் கழிவை ஒழித்தே ஆகவேண்டும் என்ற குரல் விலை சரியும்போதெல்லாம் எழுகிறது. கூட்டம் நடக்கிறது, தீர்மானம் நிறைவேறுகிறது. சில வாரங்களில் மைனஸ் திரும்பி வந்துவிடுகிறது. இவ்விதழின் கருத்து வேறு. மைனஸை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். அறிவித்த விலையோடு, முட்டை உண்மையில் விற்ற விலையும் ஒழுங்காகப் பதிவாகி வெளியாக வேண்டும்.

இதை ஒருங்கிணைப்புக் குழுவின் மீதான குறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1982இல் டாக்டர் பி.வி. ராவ் பண்ணையாளர்களைத் திரட்டி அந்தக் குழுவை அமைப்பதற்கு முன், நகரத்து மொத்த வியாபாரி சொன்னதே விலை. உற்பத்திச் செலவுக்குக் கீழே கேட்டாலும் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் நாளைக்கும் கோழி முட்டையிடும். தன் முட்டைக்குத் தானே விலை சொல்லும் உரிமை உற்பத்தியாளருக்கு வந்தது அந்த இயக்கத்தால்தான். அதன் பெருமை குறையாது. அதே சமயம், தான் வெளியிடும் விலை ஒரு பரிந்துரை மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது என்று குழுவே வெளிப்படையாகச் சொல்லி வருகிறது. பரிந்துரையை விற்பனை விலையாக எடுத்துக்கொண்டது நாம்தான். வங்கியும் நாளிதழும் நம்மைப் பின்பற்றின.

மைனஸ் ஏன் பிறக்கிறது என்று பார்த்தால், அது வெறும் வியாபாரிகளின் பேராசை என்ற விளக்கம் நிற்காது. அறிவிப்பு விலை ஏறும்போது வேகமாக ஏறும், இறங்கத் தயங்கும். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இன்று 10 காசு இறக்கினால் நாளை இன்னும் இறங்கும் என்று வாங்குகிறவர் காத்திருப்பார், வண்டி வராது. ஐதராபாத், பர்வாலா, மைசூரு என்று ஒவ்வொரு மண்டலமும் மற்றதன் விலையைப் பார்த்தபடி இருப்பதால் ஓரிடத்துச் சரிவு அடுத்த இடத்துக்கும் தொற்றும். ஆகவே அறிவிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பண்ணை வாசலில் விலை குறைகிறது. பெரும்பாலான பண்ணைகளில் குளிர்பதனக் கிடங்கு கிடையாது. மூன்று நாள் முட்டை தேங்கினால் அடுத்த நாள் முட்டையை வைக்க இடமிருக்காது, காலி ட்ரேயும் இருக்காது. அந்த நெருக்கடியில் சரக்கை நகர்த்துவது மைனஸ்தான். அறிவிப்பு விலை அசைய மறுக்கும் இடத்தில் சந்தை தனக்குத்தானே போட்டுக்கொண்ட வழி அது. வழியை அடைத்தால் முட்டை தேங்கும். இல்லையென்றால் பில்லில் முழு விலையும் பின்னால் வேறு கழிவும் என்று மைனஸ் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். தடை போட்ட ஒவ்வொரு முறையும் நடந்தது இதுதான்.

அப்படியானால் நட்டம் எங்கே? 50,000 கோழி உள்ள பண்ணையில் 85 சதவீத முட்டை வந்தால் நாளுக்கு 42,500 முட்டை. 30 காசு மைனஸ் என்றால் நாளுக்கு 12,750 ரூபாய், மாதம் 3,82,500 ரூபாய். இந்தக் கணக்கு ஒவ்வொரு பண்ணையாளருக்கும் மனப்பாடம். இதைவிடக் கவனிக்க வேண்டியது, கழிவுக் கோழி தள்ளும் முடிவில் மைனஸ் செய்யும் வேலை. 75 வாரத்தைத் தாண்டிய ஒரு பேட்ச் 75 சதவீதம் இடுவதாக வைத்துக்கொள்வோம். கோழி ஒன்றுக்கு நாளுக்கு 110 கிராம் தீவனம், கிலோ 30 ரூபாய் என்றால் தீவனச் செலவு 3 ரூபாய் 30 காசு. அறிவிப்பு விலை 4 ரூபாய் 80 காசு என்றால் அந்தக் கோழியின் ஒரு நாள் வரவு 3 ரூபாய் 60 காசு. வைத்திருக்கலாம் போலத் தோன்றும். 50 காசு மைனஸ் போனால் வரவு 3 ரூபாய் 23 காசுக்குள் அடங்கிவிடும். தீவனத்துக்கே கட்டாது, அன்றே தள்ள வேண்டிய கோழி அது. இன்னும் சில நாளில் மைனஸ் குறைந்துவிடும், அறிவித்த விலை கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மண்டலம் முழுவதும் முதிர்ந்த பேட்ச்சுகளைச் சில வாரங்கள் கூடுதலாக வைத்திருந்தால், தேக்கம் கரைவதற்குப் பதில் நீளும். தேக்கம் நீண்டால் மைனஸ் கூடும். இந்தச் சுற்றை ஓட்டிக்கொண்டிருப்பது, யாரும் வாங்காத ஒரு விலை.

தன் பில்லைப் பார்த்தால் தன் மைனஸ் பண்ணையாளருக்குத் தெரியாதா, இதை ஏன் வெளியிட வேண்டும் என்று கேட்கலாம். தன்னுடையது தெரியும். பக்கத்துப் பண்ணைக்கு அதே நாளில், அதே எடை முட்டைக்கு, எத்தனை நாள் தவணையில் எவ்வளவு போனது என்று தெரியாது. தவணை சிறு விஷயமல்ல. 5 ரூபாய் முட்டைக்கு 15 நாள் கழித்துப் பணம் வந்தால், 12 சதவீத வட்டியில் ஏறக்குறைய இரண்டரைக் காசு அங்கேயே போய்விடும். ரொக்கத்துக்கு 25 காசு மைனஸும் 15 நாள் தவணைக்கு 25 காசு மைனஸும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டும் 25தான். முக்கியமாக, போன ஆண்டு இதே மாதம் மண்டலத்தில் சராசரி மைனஸ் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. குஞ்சு இறக்கும் முடிவுக்கு வேண்டியது அதுதான். தையில் இறக்கும் குஞ்சு வைகாசிக் கடைசியில் முட்டைக்கு வரும். அடுத்த ஆண்டு ஆடி வரை இடும். நடுவில் ஒரு புரட்டாசி, ஒரு சபரிமலை சீசன், வட மாநிலக் குளிர்காலத் தேவை எல்லாம் வந்து போகும். அந்தந்தக் காலத்தில் கையில் நின்ற விலை என்ன என்ற பத்தாண்டு வரிசை இருந்தால் எத்தனை குஞ்சு என்று கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். நம்மிடம் இருப்பது அறிவிப்புகளின் வரிசை. 2020 மார்ச்சில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியில் அறிவிப்பு விலையே 2 ரூபாயை ஒட்டி விழுந்ததும், 2023 ஜனவரியில் 5 ரூபாய் 65 காசைத் தொட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் மைனஸ் எவ்வளவு என்று எத்தனை பேரால் எழுத்தில் காட்ட முடியும்? அவ்வப்போது வெளியாகும் மைனஸ் பரிந்துரைகளும் பரிந்துரைகளே, விற்றதன் கணக்கல்ல.

வாங்கிச் சாப்பிடுகிறவர் பக்கமும் இதில் உண்டு. சில்லறைக் கடைக்காரர் விலை வைப்பது அறிவிப்பின் மேல். பண்ணை வாசலில் 50 காசு குறைந்தாலும் அறிவிப்பு அசையாதவரை கடையில் விலை பெரும்பாலும் அசைவதில்லை. விலை குறைந்தால் மக்கள் கூடுதலாக வாங்குவார்கள், தேக்கம் கரையும் என்பது எந்தச் சந்தைக்கும் பொருந்தும். நம் சந்தையில் அந்தக் குறைவு வழியிலேயே தங்கிவிடுகிறது. உற்பத்தியாளர் இழந்ததை நுகர்வோரும் பெறவில்லை.

வேறு விளைபொருள்களுக்கு இந்த நிலை இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நிலக்கடலையோ மஞ்சளோ போனால், அன்றைய வரத்து எவ்வளவு, குறைந்த விலை என்ன, அதிக விலை என்ன, பெரும்பகுதி விற்ற விலை என்ன என்று பதிவாகி அக்மார்க்நெட் என்ற அரசு இணையதளத்தில் ஏறிவிடுகிறது. அங்கே விலை என்றால் விற்ற விலை. மாட்டுச் சந்தையின் நிலை இதற்கு நேர்மாறானது: துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசும் விலை அந்த இருவருக்கும் தரகருக்கும் மட்டும்தான் தெரியும். முட்டைச் சந்தை இரண்டிலும் சேராது. ஊரறிய ஒரு விலை இருக்கிறது, வியாபாரம் மட்டும் துண்டுக்கு அடியில் நடக்கிறது. அமெரிக்காவில் மாடு, பன்றி வளர்ப்போர் இதே முறையீட்டை வைத்தார்கள். பெரிய இறைச்சி நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் வாங்கத் தொடங்கியதும் வெளிச்சந்தை விலை என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். 1999இல் வந்த சட்டம், பெரிய நிறுவனங்கள் தாம் வாங்கிய விலையையும் அளவையும் அரசு வேளாண் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றது. துறை அவற்றைத் தொகுத்து, பெயரில்லாமல் நாள்தோறும் வெளியிடுகிறது. அந்த நாட்டிலும் முட்டை இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் கனமானது ஒன்று: மைனஸை ஊரறியச் சொன்னால் வாங்குகிறவர்களுக்கே அது ஆயுதமாகும், மண்டலத்தில் 40 காசு போகிறது, நீங்கள் மட்டும் ஏன் 25 என்று கேட்பார்கள் என்பது. இந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. டென்மார்க்கில் 1993இல் போட்டி ஆணையம், விலை குறையட்டும் என்று நினைத்து, ரெடிமிக்ஸ் கான்கிரீட் நிறுவனங்கள் உண்மையில் விற்ற விலைகளை நிறுவனவாரியாக வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. விற்பவர்கள் சிலரே, யார் எவ்வளவு தள்ளுபடி தருகிறார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்ததும் தள்ளுபடி தருவதை நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊரில் வாங்குகிறவர்கள் சிலர், விற்பவர்கள் பலர். யார் எந்தப் பண்ணையில் எவ்வளவுக்கு எடுத்தார் என்று பெயரோடு வெளியிட்டால், அதே கதை நமக்கு எதிராக நடக்கும். அதனால்தான் பெயர் கூடாது, பண்ணை கூடாது, தனி பில் கூடாது. ஒரு வாரத்தில் விற்ற முட்டைகளை எண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்டுச் சராசரியும், குறைந்த மைனஸும் கூடிய மைனஸும் மட்டும் வெளியாக வேண்டும். கூடிய மைனஸைத்தான் வாங்குகிறவர் எடுத்துக் காட்டுவார் என்றால், குறைந்த மைனஸை எடுத்துக் காட்ட நமக்கும் ஒரு தாள் கிடைக்கும். இன்றைக்கு மண்டலம் முழுவதும் என்ன போகிறது என்ற செய்தி பல பண்ணைகளில் எடுக்கும் வியாபாரியிடம் இருக்கிறது. ஒரே பண்ணை வைத்திருப்பவரிடம் இல்லை. 10,000 கோழி வைத்திருப்பவருக்கு ஒரு மைனஸ், பல லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு வேறு மைனஸ் என்பது தொழிலில் எல்லோரும் அறிந்தது. மறைவு நீடித்தால் யாருக்கு ஆதாயம் என்பதில் சந்தேகமில்லை.

ஒருங்கிணைப்புக் குழு பலவீனப்படும் என்பது இன்னொரு அச்சம். விற்ற விலையின் வரிசை கையில் இருந்தால், எந்த நேரத்தில் ஏற்றலாம், எவ்வளவு இறக்கினால் வண்டி வரும் என்று குழுவே துல்லியமாக முடிவெடுக்க முடியும். அறிவிப்புக்கும் பில்லுக்கும் இடைவெளி குறையக் குறைய அறிவிப்புக்கு மதிப்பு கூடும். சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. போட்டியாளர்கள் ஒன்றுகூடி விலை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. முடிந்துபோன விற்பனையின் சராசரியைத் தொழிலுக்கு வெளியே உள்ள ஒருவர் தொகுத்து வெளியிடுவது அந்த வகையில் சேராது. தொகுப்பவர் விற்பவராகவோ வாங்குபவராகவோ இருக்கக் கூடாது என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

அந்த வேலைக்குத் தகுந்த இடம் நாமக்கல்லிலேயே இருக்கிறது. 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, கோழிப் பண்ணையாளர்களுக்கான வானிலை முன்னறிவிப்பையும் தீவனம், நோய் பற்றிய பரிந்துரையையும் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. வெப்பத்துக்கு ஏற்பத் தீவனத்தை மாற்ற அந்த அறிக்கையை நம்புகிறோம். சிறு, நடுத்தர, பெரிய பண்ணைகள் கலந்த ஒரு மாதிரியிலிருந்து வாரம் ஒருமுறை பில் விவரம் வாங்கி, அதே அறிக்கையில் இரண்டு வரி சேர்ப்பது அக்கல்லூரிக்குப் பெரிய சுமையாகாது. கால்நடைப் பராமரிப்புத் துறை இதை ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். பல்லடத்தில் அறிவிக்கப்படும் கறிக்கோழி விலைக்கும் இது பொருந்தும். அங்கே வளர்ப்புக் கூலி ஒப்பந்தம் குறுக்கே வருவதால் சிக்கல் கூடுதல், அதைத் தனியே எழுத வேண்டும்.

அரசு முன்வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த இதழோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். முட்டை ஏற்றிய தேதி, எண்ணிக்கை, நூறு முட்டையின் எடை, அன்றைய அறிவிப்பு விலை, பில்லில் வந்த விலை, பணம் எத்தனை நாளில் வந்தது, பண்ணையில் மொத்தம் எத்தனை கோழி என்ற ஏழு கட்டங்கள் மட்டுமே உள்ளன. பண்ணையின் பெயரும் வாங்கியவர் பெயரும் கேட்கவில்லை. எழுதி அனுப்பினாலும் அடித்துவிட்டே கணக்கில் சேர்ப்போம். பண்ணைகளுக்குச் சென்று வரும் கால்நடை மருத்துவர்களும் தீவன ஆலோசகர்களும் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து நிரப்பி வாங்கித் தர வேண்டுகிறோம். சராசரி சொல்லத்தக்க அளவுக்குப் படிவங்கள் சேராத வாரத்துக்கு எண்ணை வெளியிட மாட்டோம். அந்த வாரம் போதிய படிவம் வரவில்லை என்றே அச்சிடுவோம்.