480-ல் சாத்திய கதவு

பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள், பிரிட்டனில் அகதிக் குழந்தைகளுக்கு நேர்ந்த கதியைப் பார்க்கட்டும்.

2016-ல், யுத்தத்தால் சிதறி, தாய் தந்தையரின்றி ஐரோப்பாவில் அலைந்த குழந்தைகளில் 3,000 பேரை ஏற்க வேண்டுமென்று, பிரபுக்கள் சபையின் லேபர் உறுப்பினர் ஆல்ஃப் டப்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1939-ல் நாஜிகளிடமிருந்து தப்பி, ஆறு வயதில் பிராகிலிருந்து ரயிலேறி வந்தவர் அவர். காமன்ஸ் சபையில் டோரி சர்க்கார் அதை 294-க்கு 276 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே பணிந்தது. ஆனால், நிறைவேறிய சட்டத்தில் 3,000 என்ற எண்ணைக் காணோம்! எத்தனை பேர் என்பதை, கவுன்சில்களைக் கலந்துகொண்டு சர்க்காரே நிர்ணயிக்குமாம்.

நிர்ணயித்த லட்சணம் என்ன? 2017 பிப்ரவரியில் 350 பேருடன் சரி என்றார்கள். ஏப்ரலில், நிர்வாகத் தவறினால் 130 இடங்கள் கணக்கில் விட்டுப்போயின என்று கூறி 480 ஆக்கினார்கள். 130 குழந்தைகளின் வாழ்வு இவர்களுக்கு ஒரு கூட்டல் பிழை! 2020-ல் 480 நிரம்பியதும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கவுன்சில்களிடம் அதற்குமேல் இடமில்லை என்பது சர்க்கார் சொன்ன சமாதானம். 2010 முதல் கவுன்சில்களின் மானியத்தை வெட்டி வந்தவர்கள் யார் என்று கேட்கிறோம். டோரிகளின் தலைமையில் அமைந்த சர்க்கார்களே அல்லவா? 2015 டிசம்பரில் சிரியாவில் குண்டு வீச காமன்ஸ் அனுமதி அளித்தபோது, பணமில்லை என்ற பேச்சு அவர்களைத் தடுக்கவில்லையே!

குழந்தைகளை ஏற்றால் ஆள்கடத்துவோருக்கு ஊக்கம் கிடைக்கும் என்பது இன்னொரு வாதம். நேர்வழி அடைபட்டவன்தான் கடத்தல்காரனின் படகைத் தேடுகிறான். இது மந்திரிகளுக்குத் தெரியாதா?

சிரியாவைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்து 20,000 அகதிகளை வரவழைத்தோம் என்பார்கள். அது நடந்தது, நல்லதே. அதைக் காட்டி, ஐரோப்பாவிலேயே தனித்து நின்ற சிறுவர்களைக் கைவிட்டதை மறைக்க முடியாது.

1938-39-ல் சுமார் 10,000 குழந்தைகளைக் காத்த பழம்பெருமையையும் பேசுவார்கள். அன்றும் குழந்தைகளுக்குத்தான் அனுமதி, பெற்றோருக்கு இல்லை. அந்தப் பெற்றோரில் ஏராளமானோரை நாஜிகள் கொன்றார்கள். இதை அறிந்த டப்ஸ், அகதிக் குழந்தைகள் பிரிட்டனிலுள்ள உறவினருடன் சேரும் உரிமையைக் காக்கக் கோரினார். 2020 ஜனவரியில் அதையும் காமன்ஸ் நிராகரித்தது.

எண்ணிக்கையைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். குழந்தைகளைப் பராமரிக்கும் முழுச் செலவையும் கவுன்சில்களுக்கு மத்திய சர்க்கார் தர வேண்டும். குடும்பத்துடன் சேரும் உரிமையை மீட்டுத் தர வேண்டும். இம்மூன்றையும் கோரிப் போராடும் பிரிட்டிஷ் தொழிலாளர்களின் பக்கம் நாம் நிற்கிறோம்.